வெள்ளோடையின் ‘வாங்க’

என் அண்ணன் தவசிமுத்து உப்புப் பாத்தியில் குப்புற விழுந்து கிடந்தபோது, பக்கத்து வரப்பில் பன்னிரண்டு பேர் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அத்தனை பேர் கையிலும் தண்ணீர் இருந்தது. கூப்பிடு தூரத்தில் ஏசி வேன் நின்றது. ஒருவர்கூட அசையவில்லை.

அவர்கள் கெட்டவர்கள் இல்லை. பொறுப்பான பயணிகள். அவர்கள் கையில் இருந்தது பிளாஸ்டிக் பாட்டில்கூட இல்லை, செம்புப் பாட்டில். வரப்பு சேதமாகக் கூடாது என்று செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் நின்றார்கள். உள்ளூர் மக்களின் வாழ்க்கையில் தலையிட மாட்டோம் என்று கையெழுத்துப் போட்டிருந்தார்கள். போட்ட கையெழுத்தைக் காப்பாற்றினார்கள்.

இது எப்படி ஆரம்பித்தது என்று சொல்கிறேன்.

நாடு முழுக்க ஊர் சுற்றுகிறவர்களுக்கு ஒரு கட்டத்தில் அலுத்துப்போனது. பாலைவனத்தில் ஒட்டகப் பாட்டுப் பாடுகிறவன், பாட்டு முடிந்ததும் தலைப்பாகையைக் கழற்றிவிட்டு ஜீன்ஸ் மாட்டிக்கொண்டு பைக்கில் போனான். மலைக் கிராமத்தில் நெசவு நெய்து காட்டிய பெண், வேன் திரும்பியதும் தறியின் மேல் துணியைப் போர்த்திவிட்டு சீரியல் பார்த்தாள். கொடுக்கிற காசுக்கு அசல் வேண்டும் என்று கேட்டார்கள். அசலுக்கு ஒரு கம்பெனி வந்தது. பெயர் மெய்த்தடம்.

எங்கள் ஊர் வெள்ளோடை. தூத்துக்குடிக்குத் தெற்கே, உப்பளத்துக்கும் கடலுக்கும் நடுவில் கிடக்கிற ஊர். பார்க்க ஒன்றுமில்லை. அதனாலேயே மெய்த்தடத்துக்கு எங்களைப் பிடித்துவிட்டது. சமுதாயக்கூடத்தில் எங்களை உட்காரவைத்துப் பேச வந்தவர் மைத்ரேயி மேடம். சென்னைக்காரர். மண்டல மேலாளர். கைத்தறிச் சேலை, கழுத்தில் சுட்ட மண் பாசிமணி.

“நீங்க எதுவும் செய்ய வேண்டாம்,” என்றார். “அதுதான் இதோட அழகே. எப்பவும் போல இருங்க. அவங்க வந்து பார்ப்பாங்க, கூட உக்காந்து சாப்பிடுவாங்க, போயிடுவாங்க.”

தண்ணீர்க் கமிட்டித் தலைவர் சங்கிலி மாமா எழுந்தார். “எப்பவும் போலன்னா எப்படி மேடம்?”

“இப்ப இருக்கிற மாதிரியே.”

“இப்ப குடிக்கத் தண்ணி இல்லாம இருக்கோம். அப்படியேவா?”

கூடம் சிரித்தது. மேடமும் சிரித்தார். சிரித்து முடித்துவிட்டு, கடல் தண்ணீரைக் குடிதண்ணீர் ஆக்குகிற ஆலை ஒன்றைக் கம்பெனியே ஊருக்குப் போட்டுத் தரும் என்றார். அதற்கப்புறம் யாரும் சிரிக்கவில்லை. எங்கள் ஊரில் கிணறு தோண்டினால் உவர் வரும். டேங்கர் லாரி வந்தால் வரும், வராவிட்டால் அந்த உவரையே குடிப்போம். அண்ணனுக்கு ஒரு கிட்னி போனது அதைக் குடித்துத்தான்.

பிறகு ஒரு சின்னப் பெட்டியைத் திறந்து அந்தக் கருவியைக் காட்டினார். புளியங்கொட்டை அளவுதான். கழுத்தில் கட்டிக்கொள்ள வேண்டும். கம்பெனி அதற்கு வைத்த பெயர் ‘சாட்சி’. ஊரில் அன்றைக்கே அது ‘பாசி’ ஆகிவிட்டது.

“இது உங்க நாடி, மூச்சு, குரல் மூணையும் கேக்கும். மனசுல இருக்கிறதும் வாயில வர்றதும் ஒண்ணா இருந்தா, வந்திருக்கிறவங்க மாட்டியிருக்கிற கண்ணாடியில பச்சை தெரியும். நடிச்சா சிவப்பு. ரெண்டுங்கெட்டானா இருந்தா மஞ்சள்.”

“எம் பொண்டாட்டிக்கு ஒண்ணு கூடுதலாத் தாங்க மேடம்,” என்று பின்னாலிருந்து எவனோ கத்தினான்.

“உனக்குத்தாம்ல மொதல்ல மாட்டணும்,” என்று பெண்கள் பக்கமிருந்து பதில் வந்தது.

அப்போது ஜெயக்கொடி மதினி கேட்டாள். மதினி என்றால் தவசி அண்ணன் மனைவி. கூட்டத்தில் அதிகம் பேசுகிறவள் இல்லை. “நாம சொல்லுதது நல்லதா கெட்டதான்னு இது பாக்குமா தாயி?”

“இல்லக்கா. மனசாரச் சொல்றீங்களான்னு மட்டும்தான் பார்க்கும். என்ன சொல்றீங்கன்னு அதுக்குத் தெரியாது. இதுக்கு மொழியே கிடையாது. இத்தனை மொழி இருக்கிற நாட்டுல ஒரே கருவியை வச்சு வேலை நடக்குதுன்னா, அதனாலதான்.”

மதினி தலையை ஆட்டிக்கொண்டாள்.

ஆலை வந்தது. தண்ணீர் வந்தது. அந்த முதல் குடத்தை மதினி இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்த நடையை நான் பார்த்திருக்கிறேன். அதனால் இந்தக் கம்பெனி ஒரு நல்லதும் செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். அதுதான் இதில் இருக்கிற அயோக்கியத்தனம். நல்லது செய்துதான் பிடிப்பார்கள்.

வேன்களும் வந்தன. முதல் நாள் எங்கள் பெண்கள் எல்லாரும் நல்ல சேலை கட்டி, பூ வைத்து நின்றார்கள். கண்ணாடியில் தெருவே சிவந்துவிட்டது. மேடம் தலையில் கை வைத்தார். மறுநாள் நைட்டியும் மேலே ஒரு துண்டுமாக எப்போதும் போல நின்றார்கள். எல்லாம் பச்சை. வந்தவர்கள் நைட்டியைப் படம் பிடித்துக்கொண்டு போனார்கள். அடுத்த மாதம் பெங்களூரில் நைட்டிமேல் துண்டு போடுவது ஸ்டைல் ஆகிவிட்டதாகக் கேள்விப்பட்டோம்.

சின்னச் சின்ன நாசங்களும் நடந்தன. பக்கத்து வீட்டுப் பூமாரி அக்கா ஒருநாள் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தபோது, “சாப்பிட்டியாக்கா?” என்று மதினி கேட்டாள். “ஆச்சுட்டி,” என்றாள் பூமாரி. திண்ணையில் உட்கார்ந்திருந்த பயணி ஒருவன் கண்ணாடியைத் தள்ளிவிட்டுக்கொண்டு, “நோ நோ, ரெட்!” என்றான். பூமாரியின் முகம் செத்துப்போனது. அவள் வீட்டில் அன்றைக்கு உலை வைக்கவில்லை என்பது அப்படித்தான் ஊருக்குத் தெரிந்தது. ஒருத்தி பசியை மறைத்துக்கொள்வதற்குக்கூட எங்கள் ஊரில் இடமில்லாமல் போயிற்று. அவன் அதற்கு ஐந்து நட்சத்திரம் போட்டான்.

கம்பெனி ஊருக்குப் போடுகிற மதிப்பெண்ணில் பெரிய பங்கு வரவேற்புக்குத்தான். வேன் வந்து நிற்கும்போது வீட்டுக்காரர் “வாங்க” என்று சொல்ல வேண்டும். அது பச்சையாக இருக்க வேண்டும். ஆரம்பத்தில் எல்லாருக்கும் பச்சைதான். வாரம் நான்கு வேன் வர ஆரம்பித்த பிறகு ஒவ்வொருவராக மஞ்சளானார்கள். உப்பு வாரிவிட்டு, கால் வெந்துபோய் வருகிறவன் எத்தனை பேரை மனசார வா என்பான்?

மதினிக்கு மட்டும் மாறவே இல்லை. யார் வந்தாலும், எந்த நேரத்தில் வந்தாலும், அவள் “வாங்க” என்றால் பச்சை. ஒருமுறை நான் கேட்டேன்.

“எப்படி மதினி? ஒங்களுக்கு எரிச்சலே வராதா?”

“வந்தவுகள வாங்கன்னு சொல்ல என்ன காசா பணமா? அவிய தூரத்துல இருந்து வாராவ. போற எடத்துல யாராச்சும் வான்னு சொல்ல மாட்டாகளான்னுதான வாராவ.”

கம்பெனி அவள் குரலை விளம்பரத்தில் போட்டது. ஊருக்கே அந்த ஒரு சொல்லில் மதிப்பெண் ஏறியது. அந்த வருஷம் கோடையில் மற்ற வீடுகள் எல்லாம் மஞ்சளில் கிடக்க, மதினியின் “வாங்க”தான் வெள்ளோடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தது. மதிப்பெண் எண்பதுக்குக் கீழே போனால் ஊர் ‘ஓய்வு’க்குப் போகும். ஓய்வு என்றால் வேன் வராது. வேன் வராவிட்டால் ஆலையில் வடிகட்டுகிற சவ்வை மாற்ற மாட்டார்கள். மாற்றாவிட்டால் குழாயில் கடல் கடலாகவே வரும்.

இப்போது அண்ணனிடம் வருகிறேன்.

தூத்துக்குடியில் ஒரு கிடங்கில் எனக்கு ராத்திரிக் காவல் வேலை. அன்று காலை வந்து படுத்திருந்தேன். அண்ணன் உப்பளத்துக்குப் போனான். அக்கினி நட்சத்திரம். ஒரு கிட்னிக்காரன் அந்த வெயிலில் நிற்கக் கூடாது. நின்றான். வேன் ஆட்களைப் பாத்திக்குக் கூட்டிப்போய், வரப்பில் நிறுத்திவிட்டு, உப்பை வார ஆரம்பித்திருக்கிறான். பாதியில் உப்பு வாரும் பலகையை ஊன்றிக்கொண்டு நின்றான். பிறகு உட்கார்ந்தான். பிறகு விழுந்தான்.

கூட இருந்து பார்த்ததைச் சொன்னது சுபத்ரா என்கிற பெண். கோயம்புத்தூர்க்காரி. அந்தக் கூட்டத்தில் தமிழ் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். ஆஸ்பத்திரி வாசலில் அழுதுகொண்டே சொன்னாள்.

“கண்ணாடியில ‘உண்மையான களைப்பு’ன்னு பச்சை காட்டுச்சுங்க. பச்சைனா, அவரு அவருபாட்டுக்கு இருக்காருன்னு அர்த்தமுங்க. போயி எழுப்புனா நாம கெடுத்தமாதிரி ஆயிருமேன்னு... படுத்து ஓய்வெடுக்கறாருன்னு நெனச்சோமுங்க.”

“சேத்துல மூஞ்சிய வச்சா ஓய்வெடுப்பாங்க?”

அவள் துப்பட்டாவால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

“அப்புறம்?”

“அப்புறம் பச்சை போயிருச்சுங்க. ஒண்ணுமே காட்டல. சார்ஜ் தீந்துருச்சாட்ட இருக்குதுன்னு ஒருத்தரு சொன்னாருங்க.”

அவன் வாரிய உப்பைச் சுமந்து போய்க் கொட்டிவிட்டுத் திரும்பி வந்த பூமாரி பார்த்து, அலறி, ஓடிவந்து புரட்டிப் போட்டபோதுதான் வரப்பில் நின்றவர்கள் அசைந்தார்கள். தூக்கி வேனில் போட்டார்கள். அண்ணன் வாழ்நாளில் ஏசியில் போனது அந்த ஒரு தடவைதான். அதையும் அவன் அனுபவிக்கவில்லை. வெயில் தாக்கிச் சாவு என்று ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுத்தார்கள்.

சாயங்காலம் மைத்ரேயி மேடம் வந்துவிட்டார். வீட்டுக்கு வெளியே வேப்பமரத்தடியில் நிறுத்தி அவரிடம் கேட்டேன்.

“பாசி அவன் கழுத்துலதான கெடந்துச்சு? நாடி பாக்குற மிஷின்தான? நாடி அடங்குனது அதுக்குத் தெரியலயா?”

“தெரிஞ்சிருக்கும், கனிராஜ்.”

“தெரிஞ்சும்?”

“அது மருத்துவக் கருவி இல்லை. ஆபத்துன்னு எச்சரிக்கை அனுப்பணும்னா அதுக்குத் தனி லைசென்ஸ் வேணும். நாங்க அது வாங்கல.” அவர் என் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னார். அவருக்கும் பாசி மாட்டியிருந்தால் பச்சைதான் வந்திருக்கும். “நான் ரொம்ப வருத்தப்படறேன். உண்மையாவே.”

“வருத்தமெல்லாம் இருக்கட்டும். வேனைக் கெளப்பச் சொல்லுங்க.”

அவர் கையிலிருந்த டேப்லெட்டைப் பார்த்தார். “மூணு பேர் கிளம்பிட்டாங்க. மத்தவங்க இருக்கணும்னு சொல்றாங்க. துக்கத்துல கூட நிக்கணுமாம்.”

“யாரு கேட்டா?”

“பயணம் பாதியில நின்னா அது எங்க பக்கம் மீறல் ஆயிடும். உங்க பக்கமும்தான். வந்தவங்களுக்காக வீட்டு நடப்பை மாத்தக் கூடாதுன்னு விதி. வேணும்னு எதையும் காட்டவும் கூடாது. மறைக்கவும் கூடாது.”

“சாவையுமா?”

“அதைத்தான் அவங்க…” என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். நிறுத்தினாலும் எனக்குப் புரிந்தது. இதைவிட அசல் எங்கே கிடைக்கும்? இதற்கு ஒத்திகை கிடையாது.

அடித்திருப்பேன். பூமாரி என் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

அந்த ஒன்பது பேரும் மறுநாள் காலை வெள்ளை உடுத்தி வந்தார்கள். எங்கிருந்தோ விசாரித்துத் தெரிந்துகொண்டிருந்தார்கள், சாவு வீட்டுக்கு வெள்ளை என்று. எங்கள் ஊரில் அப்படி ஒன்றும் கிடையாது. கைலியோடும் வருவான். பந்தலுக்குக் கீழே ஓரமாக, யாருக்கும் இடைஞ்சல் இல்லாமல், கண்ணாடியோடு உட்கார்ந்தார்கள். மதினி அழுதபோது ஒன்பது கண்ணாடியும் திரும்பின. அவள் அழுகையை நிறுத்திவிட்டாள். அப்புறம் அவள் அழவே இல்லை. அதையும் எடுத்துக்கொண்டார்கள் இவர்கள்.

அவர்களை யாரும் “வாங்க” என்று சொல்லவில்லை. சாவு வீட்டில் யாரும் யாரையும் அப்படிச் சொல்வதில்லை. எவ்வளவு பெரிய மனுஷன் வந்தாலும் கை நீட்டித் துக்கம் கேட்டுவிட்டு உட்காருவான். போகும்போது போயிட்டு வாரேன் என்று சொல்லமாட்டான், பேசாமல் எழுந்து போவான். இந்த வாசலுக்கு இப்படி ஒரு காரியத்துக்கு இன்னொரு தடவை வரக் கூடாது. அதற்காகத்தான் அந்த ஊமைத்தனம். சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும்.

கருவிக்குத் தெரியாது. வேன் வந்தது, வரவேற்பு இல்லை. அன்றைய கணக்கில் வெள்ளோடைக்குப் பூஜ்யம் விழுந்தது. அன்றைக்குத்தான் கம்பெனி மதிப்பெண் கணக்கை முடிக்கிற நாள்.

மேடம் மதினியிடம் நேராகப் போகவில்லை. சங்கிலி மாமாவைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். நான் கிட்டத்தில்தான் இருந்தேன்.

“ஒரே ஒரு ‘வாங்க’ போதும். பொழுது சாயறதுக்குள்ள. இல்லேன்னா ஊர் ஓய்வுக்குப் போயிடும். என் கையில ஒண்ணும் இல்லை, சிஸ்டம் தானா பண்ணிடும்.”

“ஏம்மா, நீ தமிழ்ப் பிள்ளதான?” என்றார் மாமா. “எழவு வீட்டுல வாங்கன்னு சொல்லுவாகளா? ஒங்க வீட்டுல சொல்லுவியளா?”

“எனக்குத் தெரியும் மாமா. மேல எழுதிக் கேட்டேன். விதிவிலக்கு கிடையாதாம். ஒவ்வொரு ஊருக்கும் ஒவ்வொரு வழக்கம் இருக்கும், எல்லாத்தையும் சேர்க்க ஆரம்பிச்சா கருவி நம்பகமா இருக்காதுன்னு சொல்லிட்டாங்க.”

ஒவ்வொரு ஊருக்கும் ஒவ்வொரு வழக்கம் இருக்கிறது என்றுதான் மனிதர்களைக் கூட்டிவந்து காட்டுகிறார்கள். அதைக் காட்டித்தான் காசு. அந்த வழக்கமே குறுக்கே நின்றால் சிஸ்டம்.

மாமா முதலில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கத்தினார். கம்பெனிக்காரன் குடும்பத்தையே இழுத்தார். பிறகு ஆலைப் பக்கம் பார்த்தார். வீட்டில் அவருக்குப் பேறுகாலத்துக்கு வந்திருக்கிற மகள் இருக்கிறாள். வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு மதினி பக்கத்தில் போய்க் குந்தினார். எனக்கு எல்லாவற்றையும்விட அதிகமாக எரிந்தது அதுதான். கம்பெனி கேட்டிருந்தால் வெட்டியிருக்கலாம். மாமாவை என்ன செய்வது?

“தாயி,” என்றார். துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். “நான் கேக்கக் கூடாது. கேட்டா என் நாக்கு அழுகிப்போகும். ஆனா தவசிக்கு வந்தது அந்த உவர்த் தண்ணியாலதான். மறுபடியும் அதைக் குடிச்சா அடுத்தது எவன்னு தெரியாது.”

மதினி அண்ணனின் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். உப்பு தின்ற கால். பாதம் வெடித்து, நகம் கறுத்து.

“இந்த வீட்டுல வச்சுச் சொல்ல மாட்டேன் மாமா,” என்றாள்.

“சரி தாயி. விட்டுரு.”

“சொல்லவே மாட்டேன்னு சொல்லல. அந்தப் பிள்ளைய வரச் சொல்லுங்க.”

மேடம் வந்து முழங்காலிட்டு உட்கார்ந்தார். மதினி அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

“வீட்டு வாசல்லதான் சொல்லணுமா?”

“எங்க வேணா சொல்லலாம்க்கா. ஊர் எல்லைக்குள்ள இருந்தாப் போதும். நீங்க சொல்லணும், அவங்களுக்குக் கேக்கணும், பச்சை வரணும்.”

“மனசாரச் சொல்லணும்.”

“ஆமாக்கா.” மேடம் அவள் கையைப் பிடித்தார். “கஷ்டம்னு தெரியும். கருவியை ஏமாத்த முடியாது. உங்களுக்கு இன்னிக்கு அது வருமான்னுகூட எனக்குத் தெரியல.”

“வரும்,” என்றாள் மதினி. கையை உருவிக்கொண்டாள்.

மத்தியானம் நீர்மாலை எடுக்கப் போனோம். பிணத்தைக் குளிப்பாட்டத் தண்ணீர் எடுத்து வருகிற சடங்கு. ஊரில் வேறு தண்ணீர் ஏது? மெய்த்தடம் ஆலையின் குழாயில்தான் குடத்தைப் பிடித்தோம். குழாய்க்கு மேலே மதினியின் படம். இரண்டு கையும் கூப்பி, சிரித்துக்கொண்டு. கீழே அந்த ஒரு சொல். நான் குடத்தோடு நிற்க, சங்கு ஊதுகிறவன் ஊதினான், ஒன்பது பேரும் பின்னால் நின்றார்கள். அந்தத் தண்ணீரால்தான் என் அண்ணனின் மூக்கிலிருந்த உப்புச் சேற்றைக் கழுவினேன்.

அவனுக்குப் பிள்ளை இல்லை. கொள்ளி நான்தான். மொட்டை போட்டுக்கொண்டேன். பாடை எழும்பியது. சங்கும் சேகண்டியும் முன்னே போக, பெண்கள் மாரில் அடித்துக்கொண்டு தெருமுனை வரை வந்தார்கள். அங்கே நின்றுவிட்டார்கள். எங்கள் பக்கம் பெண்கள் சுடுகாட்டுக்கு வருவதில்லை. ஆண்கள் நடந்தோம். வெள்ளை உடுத்தியவர்கள் பின்னால் நடந்தார்கள், அவர்களில் நான்கு பெண்கள். அவர்களுக்கு எந்த வழக்கமும் இல்லை, எல்லா இடத்துக்கும் போகலாம்.

கொஞ்ச தூரம் போனதும் பின்னால் சத்தம் கேட்டது.

“ஏட்டி ஜெயக்கொடி! பொம்பள அங்ஙன போகக் கூடாதுட்டி! ஏ, பிடிங்களேன் அவள!” என்று பூமாரி கத்தினாள்.

மதினி வந்துகொண்டிருந்தாள். ஓடவில்லை. வேகமான நடை. முதல் குடத்தைத் தூக்கிக்கொண்டு நடந்தாளே, அந்த நடை. வெள்ளை உடுத்தியவர்களைத் தாண்டினாள். எங்களைத் தாண்டினாள். பாடையை ஒரு பார்வைகூடப் பார்க்காமல் தாண்டிப்போனாள். யாருக்கும் தடுக்கத் தோன்றவில்லை.

எங்கள் ஊர்ச் சுடுகாட்டுக்குச் சுவரும் கிடையாது, கதவும் கிடையாது. உடைமர முள்ளுக்காட்டுக்குள் தகரக் கொட்டகை, அதற்கு முன்னால் நட்டுவைத்த இரண்டு கல். அவ்வளவுதான். அதைத் தாண்டி நூறடியில் ஊர் எல்லைப் பலகை. மதினி அந்த இரண்டு கல்லுக்கும் நடுவில் போனாள். உள்ளே ஒரு அடி வைத்தாள். திரும்பி நின்றாள்.

பாடையை இறக்கி உள்ளே கொண்டுபோகிறவரை ஒதுங்கி நின்றாள். பிறகு மறுபடி நடுவில் வந்தாள். வெளியே ஒன்பது பேரும் மேடமும். கொள்ளிச்சட்டியோடு நான் அவளுக்குப் பின்னால்.

சேலை முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். இரண்டு கையும் கூப்பினாள்.

“வாங்க,” என்றாள்.

குரலில் ஒரு நடுக்கம் இல்லை. கோபம்கூட இல்லை. வீட்டு வாசலில் நின்று எப்படிச் சொல்வாளோ அப்படியே சொன்னாள். ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்தாள்.

“எல்லாரும் வாங்க. கட்டாயம் வாங்க.”

அவர்கள் கண்ணாடியில் வந்த பச்சை எனக்கே தெரிந்தது. அத்தனை பேர் முகமும் அப்படியே இளகிப்போயிற்று. வெள்ளைக் குர்தா போட்ட ஒருவருக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. புருஷனைப் பறிகொடுத்த அன்றும் எங்களை இப்படி மனசாரக் கூப்பிடுகிறாளே என்று நினைத்திருப்பார். கையைக் கூப்பிக்கொண்டு, தலை குனிந்து, ஒவ்வொருவராக அந்தக் கல்லைத் தாண்டி உள்ளே வந்தார்கள்.

சுபத்ரா வரவில்லை. அவள் கோயம்புத்தூர்க்காரி. கல்லுக்கு வெளியிலேயே நின்றுவிட்டாள். கண்ணாடியைக் கழற்றிக் கீழே போட்டுவிட்டாள். மதினி அவளைப் பார்த்தாள். அவளிடம் ஒன்றும் சொல்லவில்லை. அவள் ஆஸ்பத்திரி வாசலில் அழுதது மதினிக்குத் தெரிந்திருக்கலாம். தெரியாமலும் இருக்கலாம்.

மேடம் பக்கம் திரும்பினாள்.

“தாயி. நீ என்ன அங்கயே நிக்க? நீயும் வா. நீ மொதல்ல வா.”

மைத்ரேயி மேடத்தின் முகத்தில் ரத்தமே இல்லை. அவருக்குப் புரிந்துவிட்டது. டேப்லெட்டைப் பார்த்தார். திரையில் பெரிதாக வந்த மதிப்பெண் எனக்கும் தெரிந்தது. நூறு. இந்த நாட்டில் எந்த ஊரிலும், எந்த மொழியிலும், அதுவரை யாருக்கும் நூறு வந்ததில்லை. அவர் விரல் திரைக்கு மேலேயே நின்றது. பிறகு அழுத்தினார். பதிவு போய்விட்டது.

உள்ளே மட்டும் வரவில்லை. திரும்பி வேனைப் பார்த்து நடந்தார்.

சங்கிலி மாமா மண்ணில் உட்கார்ந்துவிட்டார். நான் குடத்தைத் தோளில் வைத்துச் சுற்றிவந்து உடைத்தேன். திரும்பிப் பார்க்காமல் கொள்ளி வைத்தேன்.

அது நடந்து ஒரு வருஷம் ஆகிறது. ஊர் ஓய்வுக்குப் போகவில்லை. ஆலையில் புதுச் சவ்வு போட்டிருக்கிறார்கள். மாமா மகளுக்குப் பிறந்த பெண் குழந்தை நல்ல தண்ணீர் குடிக்கிறது. மைத்ரேயி மேடம் வேலையை விட்டுவிட்டார் என்றார்கள்.

கம்பெனி அந்த ‘வாங்க’வைத் தனியாக வெட்டி எடுத்துக்கொண்டது. நாட்டின் மிக உண்மையான வரவேற்பு என்று போட்டிருக்கிறார்கள். இப்போது பெரிய விமான நிலையங்களில் எல்லாம் கதவு திறந்ததும் அதுதான் கேட்கிறதாம். ரயில் நிலையங்களிலும் வந்துவிட்டது. தூத்துக்குடி ஸ்டேஷனில் நானே கேட்டேன். காக்கைச் சத்தத்தை நீக்கியிருக்கிறார்கள். பின்னால் கேட்கும் சங்கையும் சேகண்டியையும் அப்படியே விட்டிருக்கிறார்கள். மங்களகரமாக இருக்கிறது என்று நினைத்திருப்பார்கள். பெட்டியை இழுத்துக்கொண்டு இறங்குகிறவர்கள் அதைக் கேட்டுச் சிரிக்கிறார்கள். சிலர் பதிலுக்குக் கை கூப்புகிறார்கள். எங்கள் பக்கத்து ஆட்கள் மட்டும் ஒரு நொடி நின்று, எங்கேயோ எதுவோ சரியில்லை என்பதுபோல் சுற்றிப் பார்த்துவிட்டு, தலையைக் குனிந்துகொண்டு வேகமாக வெளியேறுகிறார்கள்.

நேற்று மதினி குழாயடியில் குடம் பிடித்துக்கொண்டிருந்தாள். அவள் படத்தை இன்னும் எடுக்கவில்லை. அதற்குக் கீழேதான் நின்றாள். பாசியும் கழுத்தில்தான் கிடந்தது. எனக்கு இத்தனை நாளாகத் தொண்டையில் இருந்ததைக் கேட்டுவிட்டேன்.

“மதினி, அன்னைக்கு அத்தனை பேரையும் கூப்பிட்டியளே. மனசாரவா கூப்பிட்டிய?”

அவள் குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

“பாசி பொய் சொல்லுமா தம்பி?” என்றாள்.